மடகாஸ்கரின் மில்லேனியம் நிதி முன்மொழிவு

அமெரிக்காவின் மில்லேனியம் சேலஞ்ச் கார்ப்பரேஷனுடன் உதவி ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் நாடு மடகாஸ்கர். 2004இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் ஆட்சிமுறை, மக்கள்நலச் செலவு, பொருளாதாரச் சுதந்திரம் ஆகியவற்றை அளந்து நாடுகளைத் தேர்ந்தெடுக்கும். தேர்வான நாடு தன் மக்களைக் கலந்து திட்ட முன்மொழிவை எழுதித் தர வேண்டும். ஏட்டளவில் இப்படி, நடைமுறையில் கொடுப்பவரின் விருப்பம் முன்மொழிவுக்குள் முன்கூட்டியே புகுந்துவிடுவதும் உண்டு.

மடகாஸ்கர் முன்வைத்தவை நில உரிமை, நிதிச் சேவை, வேளாண் முதலீடு. இவற்றில் நிலம்தான் சிக்கலின் வேர். தலைமுறை தலைமுறையாக உழுதும் கையில் பட்டா இல்லாத விவசாயிகள் ஒருபுறம். பதிவகங்களில் நைந்து கிழியும் பழைய ஆவணங்கள் மறுபுறம். அவற்றைக் கணினியில் ஏற்றவும், ஊர்ப்புறங்களில் நில அலுவலகங்கள் திறக்கவும் பணம் கேட்கப்பட்டது. 2005 ஏப்ரலில், ஏறத்தாழ 11 கோடி டாலருக்கு, 4 ஆண்டுத் திட்டமாக ஒப்பந்தம் கையெழுத்தானது. 2009 மார்ச்சில் அதிபர் மார்க் ரவலோமனானா ஆட்சி கவிழ்க்கப்பட்டதும், அவ்வாண்டே அது ரத்தானது.

மடகாஸ்கரைப் போலவே, 2004இல் இந்நிறுவனத்தின் உதவிக்கு முதன்முதலில் தகுதிபெற்ற 16 நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2019இல் அதற்கு ஒப்புதலான 48 கோடி டாலர் நிதி, கையெழுத்தாகாமலே 2020 டிசம்பரில் கைவிடப்பட்டது.