மருந்தை உண்டவரும் மருந்தை அறிந்தவரும்

1931ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தாக முன்வைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசினை மனநோயாளர்க்கு அளித்தது 1952இல்தான். சர்ப்பகந்தியிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டதும் அதே ஆண்டில். இவ்வரலாற்றை நாம் பெருமிதத்தோடு பலமுறை சொல்லிவிட்டோம். அம்மருந்தை உண்டவருக்கு அதைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விதான் அதில் இடம்பெறுவதில்லை.

அன்று நடைமுறையிலிருந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கவலை, யாரை அடைத்துவைப்பது, யாரை விடுவிப்பது என்பதே. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளரின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். இந்திய உளமருத்துவத்தின் மிகச் சிறந்த பக்கங்களுள் அதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் குடும்பத்தை நம்பி வளர்ந்த நம் மரபில் மாத்திரைப் பெட்டி தாயின் கைக்கோ மனைவியின் கைக்கோ போயிற்று. மருந்தைப் பற்றிய அறிவும் அதனுடனேயே போயிற்று.

1983இல் ஹோகன், அவாட், ஈஸ்ட்வுட் ஆகியோர் உருவாக்கிய 30 கூற்றுகள் கொண்ட வினாநிரல், மருந்தைப் பற்றி நோயாளர் என்ன உணர்கிறார் என்று அவரிடமே கேட்டது. அது பெரிய முன்னகர்வு. ஆயினும் அது அளந்தது மனப்பான்மையை, அறிவை அன்று.

இவ்வேறுபாடு சொற்சிலம்பம் போலத் தோன்றலாம். லித்தியம் உட்கொள்ளும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவேளைகூடத் தவறாமல் உண்கிறார். பதிவேட்டில் அவர் முன்மாதிரி நோயாளர். கடும் வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் இழந்த நாளிலும் அதே அளவை விழுங்குகிறார். இரத்தத்தில் லித்தியம் ஏறுகிறது. கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் இபுபுரூஃபெனும் இதே ஆபத்தைத் தரக்கூடும். தவறாமல் உண்டதை மட்டும் எண்ணும் அளவுகோலுக்கு இவர் கடைசிவரை வெற்றிக் கணக்குத்தான். நோயிலிருந்து மீண்டுவருபவரின் மருந்தறிவை மதிப்பிடும் வினாநிரல், 'வயிற்றுப்போக்கு கண்டால் என்ன செய்வீர்கள்? யாரிடம் கேட்பீர்கள்?' என்றல்லவா தொடங்க வேண்டும்?

குறைந்த மதிப்பெண் வந்தால் உடனே நோயின்மேல் பழிபோடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் மாத்திரை அட்டையில் இருப்பதோ பெரும்பாலும் ஆங்கிலம். ராஞ்சியில் முண்டாரி மட்டுமே பேசும் ஒருவர் அதில் எதைப் படிப்பார்? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சிகிச்சைத் திட்டத்தையும் தெரிந்த பக்கவிளைவுகளையும் அறியும் உரிமையை நோயாளருக்கு அளிக்கிறது; அவருக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அத்தகவல் தரப்பட வேண்டும் என்கிறது. அப்படியானால் மருந்தறிவுத் தேர்வை எழுதுபவர் நோயாளர் ஒருவர் மட்டுமல்லர். எனவே மதிப்பெண் கட்டத்துக்கு முன்பாக, இம்மருந்தை இவருக்கு யார், எப்போது, எம்மொழியில் விளக்கினார் என்று நிரப்ப ஒரு கட்டம் வேண்டும் என்பது என் முன்மொழிவு.