‘கோர்’ கோப்புக்குப் பெயர் வந்த கதை

யூனிக்ஸில் ஒரு நிரல் பாதியில் செயலிழந்தால் ‘கோர்’ என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும். கோர் என்றால் ‘மையம்’ என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். இல்லீங்க, அது ஒரு வளையத்தின் பெயர்.

1953-இல் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் ஃபெரைட் வளையங்களால் ஆன நினைவகத்தைப் பொருத்தினர். கம்பிகளில் கோத்த குட்டிக் குட்டி வளையங்கள். வளையத்துக்கு ஒரு பிட். மின்சாரம் போனாலும் காந்தப்பதிவு போகாது. 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறிக் கடலில் விழுந்தபோதுகூட அதன் கணினிகளின் வளைய நினைவகத்தில் பதிந்தது அழியவில்லை என்றால் பாருங்களேன்!

அந்தக் காலத்தில் கணினி நேரம் தங்கம் மாதிரி. நிரல் நின்றுபோனால் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து யோசிக்க முடியுமா? அடுத்தவர் காத்திருப்பார். அதனால் நினைவகத்தில் இருந்ததை எண்களாகத் தாளில் அச்சடித்து எடுத்துப்போய், மேசையில் விரித்து வரிவரியாகப் பிழை தேடினார்கள். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே அந்தத் தாள்கட்டு வட்டில் எழுதும் கோப்பாகிவிட்டது. பிறகு சிலிக்கான் சில்லு வந்தது, வளையம் போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இன்று லினக்ஸில் ‘ஜிகோர்’ கட்டளையோடு செயல்முறை எண்ணைக் கொடுத்தால், ஓடும் நிரலை நிறுத்தாமலே அதன் நினைவகத்தைக் கோப்பில் எடுக்கலாம். ஒன்று கவனிக்கணும். அந்த நேரத்தில் நினைவகத்தில் கடவுச்சொல் இருந்தால் அதுவும் கோப்பில் வந்துவிடும். அதனால்தான், பயனரைவிடக் கூடுதல் அதிகாரத்தோடு ஓடும் நிரல் செயலிழந்தால், லினக்ஸ் கருவகம் முன்னிருப்பாகக் கோர் கோப்பை எழுதுவதே இல்லை.