துக்கமும் நோன்பும்: சந்திரகிரிக் கல்வெட்டு ஒன்றை முன்வைத்து

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தை ஒட்டி உள்ளது திருநாதர்குன்று. நான் பிறந்த ஊரிலிருந்து சைக்கிளில் போய் வருகிற தூரம். இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கிய பெரும்பாறை ஒன்று அங்கே இருக்கிறது. அதே குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் என்று சொல்லும் சிறிய கல்வெட்டும் உண்டு. தமிழ் எழுத்து வரலாற்றில் 'ஐ' என்ற எழுத்துக்காக அறிஞர்கள் எடுத்துக்காட்டும் கல்வெட்டு அது. இளையபடாரர் 30 நாள் நோற்றதைச் சொல்லும் பிற்காலக் கல்வெட்டு ஒன்றும் அங்கேயே உள்ளது. பெயர், நாள் கணக்கு, நிசீதிகை என்ற சொல், அவ்வளவுதான். யார் அழுதார்கள், யாருக்கு இழப்பு என்று ஒரு சொல்லும் கிடையாது.

பெங்களூருக்கு வந்து பாத்திரக்கடை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைக்கு விடுமுறை விட்ட நாளிலெல்லாம் சிரவணபெளகொளா போவது என் வழக்கம். எல்லோரும் கோமடேசுவரரைப் பார்க்கப் பெரிய மலை ஏறுவார்கள். நான் எதிரே இருக்கிற சின்ன மலையாகிய சந்திரகிரிக்குப் போவேன். அங்குள்ள பாறையெல்லாம் நிசீதிகைக் கல்வெட்டுதான். லூயிஸ் ரைஸ் 1889இல் முதலில் பதிப்பித்தார், ஆர். நரசிம்மாச்சார் 1923இல் விரிவாக்கினார். பேராசிரியர் எஸ். செட்டர் 1986இல் வெளியிட்ட 'இன்வைட்டிங் டெத்' என்ற நூல் முழுவதும் இந்த ஒரு மலையைப் பற்றியது. நான் கல்லூரி வாசல் மிதியாதவன். கன்னட எழுத்துக் கற்றதே கடைக் கணக்குக்காகத்தான். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருநாதர்குன்றுக் கல் பேசாத கல் என்றால், சந்திரகிரியில் ஹொய்சளர் காலத்துக் கற்கள் வாய் ஓயாதவை. விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் கங்கராஜன் 1120ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாயார் போசிகப்பையை இழந்தான், மனைவி லட்சுமியை இழந்தான். 1123இல் குரு சுபசந்திரரும் போனார். மூவருக்கும் கல் நட்டான். போர்க்களத்தில் அத்தனை பேரை வீழ்த்தியவன் வீட்டுச் சாவுக்கு ஒவ்வொரு முறையும் கல்தச்சனையும் கவிஞனையும் தேடிப் போயிருக்கிறான். 1133இல் அவனும் இறந்தான். மகன் போப்பண்ணன் தந்தையின் நினைவாக ஹளேபீட்டில் பார்சுவநாதர் பசதி கட்டினான். அதன் பிரசாதத்தை அரசனிடம் கொண்டுபோன நேரத்தில் அரசனுக்குப் போரில் வெற்றியும் கிடைத்திருந்தது, ஆண் குழந்தையும் பிறந்திருந்தது. அதனால் மகிழ்ந்த விஷ்ணுவர்த்தனன் அந்தச் சுவாமிக்கு விஜய பார்சுவநாதர் என்று பெயர் வைத்துவிட்டான். அப்பனுக்காகக் கட்டிய கோயிலுக்கு அரசன் வெற்றியின் பெயர்! போப்பண்ணன் மனசு எப்படி இருந்திருக்கும் என்று ஹளேபீடு போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்த கல்வெட்டு வேறு. விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலை 1123இல் சந்திரகிரியில் சவதிகந்தவாரண பசதியைக் கட்டியவள். தந்தை மாரசிங்கையர் சைவர், தாய் மாசிகப்பை சமணர். 1131இல் சாந்தலை சிவகங்கை மலையில் காலமானாள். பெங்களூரிலிருந்து தும்கூர் சாலையில் ஒரு மணி நேரத்தில் போகிற மலைதான் அது. மகள் போன பிறகு தங்கியிருக்க மனமில்லாமல் மாசிகப்பை பெளகொளத்துக்கு வந்தாள், குருமார்கள் முன்னிலையில் சல்லேகனை விரதம் ஏற்றாள், ஒரு மாதம் உண்ணாமலிருந்து முடிந்தாள். பாதி மூடிய கண், பஞ்ச நமஸ்காரம் சொல்லும் வாய், சுற்றத்தாரிடம் விடைபெற்ற பாங்கு, எல்லாவற்றையும் கல்வெட்டு புகழ்கிறது. இளம் வயதில் இதைப் படித்து உருகியிருக்கிறேன். சொற்பொழிவுகளில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக் குற்றம் என்றது. 31ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீடுகளில் இதே பேச்சு. அதே ஆண்டு நவம்பரில் எங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். 31 வயது.

என் மனைவி முதலில் இராப்பொழுதுக்கு முன் சாப்பிடும் பலகாரத்தை விட்டாள். பிறகு சோற்றை விட்டாள். மோரும் வெந்நீரும்தான். துக்கத்துக்கு வந்த உறவினர் சிலர், "அம்மா விரதத்தில் இருக்காங்க" என்று கை குவித்துவிட்டுப் போனார்கள். எனக்கு மாசிகப்பை நினைவு வந்தது. ஒரு கணம் அதில் பெருமை போன்ற ஏதோ ஒன்று எனக்குள் எட்டிப் பார்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் இரவு சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தை எடுத்தேன், அதன் வழி வந்த அருங்கலச்செப்பையும் எடுத்தேன். பல தடவை படித்த நூல்கள்தான். தீராத இடர், பஞ்சம், மூப்பு, மருந்தில்லா நோய் இவற்றுக்குத்தான் சல்லேகனை சொல்லப்பட்டிருக்கிறது. விரதம் ஏற்குமுன் சோகத்தையும் அச்சத்தையும் விட்டுவிட வேண்டும், சுற்றத்தாரிடம் பொறுத்தருளக் கேட்க வேண்டும். சாக விரும்புவதும் அன்பரை நினைத்து ஏங்குவதும் விரதத்துக்குக் குற்றங்கள். இத்தனை வருஷம் அந்த வரிகள் என் கண்ணில்தான் பட்டிருக்கின்றன, உள்ளே போகவில்லை.

தமிழர் மரபில் வடக்கிருத்தல் வேறு. மானத்துக்காகவும் மனவருத்தத்துக்காகவும் வடக்கிருந்தார்கள். மக்களோடு பகைத்த கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வந்து உடன் இருந்தார். பொத்தியாரும் இருக்க வந்தார். அவர் மனைவி கருவுற்றிருந்ததால், பிள்ளை பிறந்தபின் வா என்று அரசன் திருப்பி அனுப்பினான். தானே சாகத் துணிந்தவன் ஒருத்தனை வீட்டுக்கு அனுப்புகிறான் பாருங்கள். பொத்தியார் சொன்னபடியே பிறகு வந்து அவன் நடுகல் அருகே உயிர்விட்டார். சல்லேகனையையும் வடக்கிருத்தலையும் ஒன்றாகவே எழுதும் அறிஞர்கள் உண்டு. உண்ணாமை ஒன்றுதான், உள்ளக்கிடை வேறு என்பது என் துணிபு. மாசிகப்பையின் கல்லில் இரண்டும் கலந்திருக்கின்றன என்றே எனக்குப் படுகிறது. புகழ்ந்து எழுதியவன் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அப்போது நகரில் தங்கியிருந்த முனிவர் ஒருவரிடம் மனைவியை அழைத்துப் போனேன். விரதம் வேண்டும் என்று அவளே கேட்டாள். அவர் கன்னடத்தில், "அம்மா, உனக்குச் சாப்பாடு வேண்டாமா, உயிர் வேண்டாமா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. வெகு நேரம் காத்திருந்தார். பிறகு, "இது நான் தரக்கூடிய விரதம் இல்லை. ஆறு மாதத்துக்கு தினம் ஒருவேளை, வயிறு நிறைய. அதுதான் உனக்கு விரதம்" என்றார். அவள் அதைக் கைகூப்பி ஏற்றுக்கொண்டாள். அந்த ஆறு மாதம் ஒருவேளைச் சோறு அவளுக்கு எத்தனை கஷ்டம் என்பது பரிமாறிய எனக்குத் தெரியும். சில நாள் ஒரு கவளத்துக்குப் பதினைந்து நிமிஷம். விரதம் ஆயிற்றே, அதனால் முறிக்கவில்லை. நானோ கடையில் உட்கார்ந்து கல்வெட்டுப் படி எடுத்துக்கொண்டிருந்தேன். அழத் தெரியாத ஆண்பிள்ளைகளுக்குக் கங்கராஜன் காலத்திலிருந்தே கல்தான் கதி போலும்.

2017இல் மலை ஏறும் தெம்பு வந்தபின் அவளைச் சந்திரகிரிக்கு அழைத்துப் போனேன். மாசிகப்பை கல்வெட்டை வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். சுற்றத்தாரிடம் விடைபெற்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டாங்களாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நான் உங்ககிட்டகூடக் கேட்கலையேங்க" என்றாள்.

இறங்கும்போது மணி ஐந்தாகிவிட்டது. இருட்டுமுன் சாப்பிட இடம் பார்க்க வேண்டுமே என்று அவள்தான் அவசரப்படுத்தினாள்.