புதுச்சேரிச் சோழிகளும் துகள் இயற்பியல் மென்பொருள்களும்

எங்கள் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து தொலைவில்லாத புதுச்சேரியில், 1825-இல் 'காலசங்கலித' நூலை வெளியிட்ட ஜான் வாரன் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டார். வானியற் கோட்பாடு எதனையும் அறியாதவர் அவர் என்று வாரன் குறிப்பிடுகிறார். ஆயினும் தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31-ஆம் நாளின் சந்திர கிரகணத்தை அவர் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் 4, நடுவில் 23, முடிவில் 52 நிமிடங்களே பிழை.

கோட்பாட்டை உணர்ந்த முன்னோர் விதிகளை வகுத்திருந்தனர். இவர் அவ்விதிப்படி சோழிகளை நகர்த்தினார். இத்தகைய விதிமுறைக்கே 'அல்காரிதம்' என்று பெயர். அல்-குவாரிஸ்மீயின் பெயர் லத்தீனில் திரிந்து பிறந்த சொல் அது. (அரபு பயிலும் மாணவர்களில் பலர் இதனை அறியாதிருப்பது வியப்பே.)

துகள் இயற்பியலாரும் இவ்வழியையே நாடினர். துகள்களின் வினைகளை ஃபைன்மன் வரைபடங்களாக வரைந்து, ஒவ்வொன்றையும் இயற்கணிதக் கோவையாக விரித்தல் வேண்டும். நெதர்லாந்தின் வெல்ட்மன் எடுத்துக்கொண்ட ஒரு கணக்கு இடையில் ஏறத்தாழ 50,000 உறுப்புகளாகப் பெருகியது. அதற்கென 1963-இல் அவர் எழுதிய மென்பொருள் 'ஸ்கோன்ஸ்கிப்'. அதன் வழிவந்தது 1989-இல் வெர்மாசெரென் வெளியிட்ட 'ஃபார்ம்'. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் வி. ரவீந்திரன் குழுவினரும் அதனைக் கையாண்டுள்ளனர். எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்குப் பத்தாம் படியில் மட்டும் 12,672 வரைபடங்கள். கினோஷிட்டா குழுவினர் 2012-இல் அதனை முடித்தபோது, நிரல்களில் பெரும்பகுதியை எழுதியதும் ஒரு நிரலே.

இங்குதான் சோழிக்காரரின் இக்கட்டு மீண்டும் எழுகிறது. அவருடைய 52 நிமிடப் பிழையை வானமே காட்டிவிடும். கணிப்பொறி தரும் விடையை எதனோடு ஒப்பிடுவது? மியூவானின் காந்தத் திருப்புத்திறனில் ஒரு பகுதிக்கு இரு குழுவினர் கழித்தற்குறியே கண்டிருந்தனர். 2001-இல் மார்க் நெக்ட், ஆந்திரியாஸ் நிஃபெலர் ஆகியோர் வேறு வழியில் கணக்கிட்டுக் கூட்டற்குறி பெற்றனர். தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்த ஹயகாவாவும் கினோஷிட்டாவும் காரணத்தைக் கண்டறிந்து வெளிப்படையாகவே எழுதினர். 'ஃபார்ம்' தன் விதியை மீறவில்லை. ஒரு குறியீட்டிற்கு அது கொண்ட மரபு வேறு, ஆய்வாளர் கருதிய மரபு வேறு. குறி திருந்தியதும், அவ்வாண்டுத் தொடக்கத்தில் புரூக்ஹேவன் ஆய்வகம் அறிவித்து, புதிய துகள்களின் தடயமோ என்று உலகம் எதிர்பார்த்த முரண்பாடு 2.6 திட்டவிலக்கத்திலிருந்து 1.6-ஆகச் சுருங்கியது.