ஒரு டன் கடற்பஞ்சு

மருந்து என்றதும் நம் நினைவு வேருக்கும் இலைக்கும் பட்டைக்குமே செல்கிறது. கடலிடம் நாம் மீனும் உப்பும் முத்தும் சங்கும் கேட்டோம். நோய்க்குத் தீர்வு கேட்டது மிகக் குறைவு. காரணம் எளியது. காட்டுக்குள் நடந்து போகலாம். கடலின் அடித்தளத்தில் நடக்க முடியாது. கூஸ்டோவும் காகுனானும் சேர்ந்து, மூழ்குபவர் முதுகில் காற்றைச் சுமந்து செல்லும் கருவியை உருவாக்கியதே 1943இல்தான். கடல் மருந்துகளின் வரலாறு ஏறத்தாழ ஒரு மனித ஆயுளின் நீளமுடையது. அவ்வரலாற்றினூடே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: ஒருவரைக் காக்க எவ்வளவு கடலை அள்ள வேண்டும்?

முதல் அத்தியாயம் 1945இல், ஃபிளாரிடாவின் ஆழமற்ற கடலில் தொடங்குகிறது. யேல் பல்கலைக்கழக வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன் அங்கிருந்து சில கடற்பஞ்சுகளைச் சேகரித்தார். அவர் மருந்து தேடி வந்தவரல்லர். கடலுயிர்களில் உள்ள ஸ்டீரால் என்னும் கொழுப்புப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஒரு கடற்பஞ்சை அசிட்டோனில் இட்டுக் காய்ச்சியபோது எதிர்பாராத படிகங்கள் கிடைத்தன. அவரும் ராபர்ட் ஃபீனியும் 1950, 1951ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் அப்படிகங்களின் இயல்பை விளக்கின. மரபணுவின் கட்டுமானக் கற்களைப் போன்றே அவை இருந்தன. ஆனால் வழக்கமாக இருக்க வேண்டிய சர்க்கரைக்குப் பதில் வேறொன்று இருந்தது: அராபினோஸ், வேலம்பிசினிலிருந்து பெயர் பெற்ற சர்க்கரை.

இச்சிறு மாற்றத்தின் பொருள் பெரிது. உயிரணு பிளவுறும்போது தன் மரபணுவைப் படியெடுக்கிறது. அப்போது நல்ல நாணயங்களுக்கிடையே ஒரு கள்ள நாணயம் கலந்துவிட்டால் படியெடுப்பு தடைபடும். ஓயாது பெருகும் புற்றணுக்களே இந்த ஏமாற்றத்தில் அதிகம் சிக்கும். 1959இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதே அராபினோஸைக் கொண்ட சைட்டரபின் ஆய்வகத்தில் செய்யப்பட்டது. 1969இல் அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது. தீவிர இரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் இன்றும் அதற்கு முதன்மையான இடம் உண்டு. அதன் உறவுப் பொருளான விடாரபின் 1960இல் புற்றுநோய்க்காகவே செய்யப்பட்டது. ஆனால் வைரஸ்களை எதிர்ப்பதில் திறன் காட்டி, 1976இல் மருந்தாக ஏற்கப்பட்டது. அசைக்ளோவிர் வரும்வரை, மூளையைத் தாக்கும் ஹெர்பிஸ் நோய்க்கு அதுவே துணையாக இருந்தது.

இம்மருந்துகளுக்காகக் கடலிலிருந்து பஞ்சுகளை அள்ள வேண்டியிருக்கவில்லை. கடற்பஞ்சு ஒரு வடிவத்தைக் காட்டியது. மனிதர்கள் அதை எளிதாகச் செய்துகொண்டார்கள். கேள்வி அத்துடன் தீர்ந்துவிட்டது போலத் தோன்றியது. அடுத்து வந்தவை அவ்வளவு எளிதாக வசப்படவில்லை.

கரீபியக் கடலோரத்தின் அலையாத்தி மரவேர்களைப் பற்றி ஓர் உயிர் கொத்துக்கொத்தாக வளர்கிறது. பை போன்ற உடல். தொட்டால் நீரைப் பீய்ச்சும். அதனால் ஆங்கிலத்தில் 'ஸீ ஸ்க்வர்ட்' என்பார்கள். அதன் சாறு புற்றணுக்களை எதிர்க்கிறது என்பது 1969லேயே தெரிந்துவிட்டது. ஆனால் செயல்படும் மூலக்கூறின் அமைப்பு வெளியானது 1990இல்தான். அது அவ்வளவு சொற்பமாக இருந்தது. ஒரு டன் உயிரைக் கரைத்தால் ஏறத்தாழ ஒரு கிராம். கடலில் பண்ணை அமைத்து வளர்த்துப் பார்த்தார்கள். 1996இல் ஹார்வர்டின் கோரி ஆய்வகத்தில் முழுமையாகச் செய்து காட்டினார். ஆனால் அவ்வழி நெடியது. இறுதியில் கைகொடுத்தது ஒரு பாக்டீரியா. அதை வளர்த்துப் பெறும் சயனோசஃப்ராசின் என்ற பொருளிலிருந்து தொடங்கி மருந்தை முடிக்கும் வழியை ஸ்பெயின் நிறுவனமான ஃபார்மாமார் கண்டது. டிராபெக்டெடின் என்ற அம்மருந்து 2007இல் ஐரோப்பாவிலும் 2015இல் அமெரிக்காவிலும் ஏற்கப்பட்டது. அந்த மூலக்கூறைச் செய்வது ஸீ ஸ்க்வர்ட்டே அல்ல, அதனுள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா என்பது பின்னர் புலனாயிற்று. நாம் வீட்டைப் பெயர்த்தெடுத்துக்கொண்டிருந்தோம்; சமைத்தவர் உள்ளே விருந்தாளியாக இருந்தார்.

மூன்றாவது கதைதான் நம் கேள்வியை அதன் முழுக் கனத்துடன் எழுப்புகிறது. 1986இல் ஜப்பானியர்களான ஹிராடாவும் உவேமுராவும் ஒரு கடற்பஞ்சிலிருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்னும் பொருளைப் பிரித்தார்கள். 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம். சில கடுகுமணிகளின் எடை. அதன் வீரியமோ வியக்கத்தக்கதாக இருந்தது. பற்களோ ஓடோ ஓடிப்போகக் கால்களோ இல்லாமல் ஒரே இடத்தில் ஒட்டி வாழும் உயிர் நஞ்சால்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும், அந்நஞ்சும் கடல்நீரில் கரைந்த பின்னும் வேலை செய்ய வேண்டும் என்று இதற்குப் பரவலாக விளக்கம் சொல்கிறார்கள்.

சோதனைகளுக்கு இன்னும் தேவைப்பட்டது. நியூசிலாந்தின் கைக்கூரா கடற்பகுதியில், ஆழத்தில் வாழும் வேறொரு கடற்பஞ்சிலும் இப்பொருள் இருப்பது தெரிந்திருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் துணையுடன் அதில் ஒரு டன் எடுக்கப்பட்டது. விளைந்தது ஏறத்தாழ 300 மில்லிகிராம். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் ஒரு மாத்திரையைவிடக் குறைந்த எடை. இக்கணக்கில் உலகின் நோயாளிகளுக்கு மருந்து தருவதென்றால், அக்கடலில் அந்த உயிரே மிஞ்சாது.

மீட்பு வேறு திசையிலிருந்து வந்தது. 1992இல் ஹார்வர்டின் யோஷிட்டோ கிஷி ஹாலிகாண்ட்ரின் பி-யை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்கினார். அம்மூலக்கூறின் பாதியளவே புற்றணுக்களைத் தடுக்கப் போதுமானது என்பதும் தெரியவந்தது. அந்தப் பாதியைச் செம்மைப்படுத்தி ஜப்பானின் ஐசாய் நிறுவனம் எரிபுலின் என்னும் மருந்தை உருவாக்கியது. அதைச் செய்து முடிக்க 62 வேதிப்படிகள். 2010இல் அமெரிக்கா அதை, உடலெங்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றது.

இத்தனைக்கும் பின் கிடைத்தது என்ன? பல சிகிச்சைகளைக் கடந்து வந்த 762 பெண்களிடம் நடந்த ஆய்வு ஓர் எண்ணைத் தருகிறது. மருத்துவர்கள் தேர்ந்த வேறு சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 10.6 மாதங்கள். எரிபுலின் பெற்றவர்களுக்கு 13.1 மாதங்கள். வேறுபாடு இரண்டரை மாதங்கள்.

இந்த எண்ணைப் படிக்கும்போது நம்முள் இரு குரல்கள் எழுகின்றன. இவ்வளவுதானா என்கிறது ஒன்று. நோயுற்ற ஒருவரின் கட்டிலருகே அமர்ந்திருந்த நினைவுடையவர்கள் அக்குரலை உடனே அடக்கிவிடுவார்கள். இரண்டரை மாதம் என்பது ஒரு பேரக்குழந்தை பிறக்கப் போதுமான காலம். சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடிக்கப் போதுமான காலம்.

பெர்க்மன் தேடியது ஒன்று, கண்டது வேறு. அக்கடற்பஞ்சு அந்தக் கரையில் உயிரோடு இருந்ததால்தான் அது நேர்ந்தது. இன்று நாம் ஒரு டன் அள்ள வேண்டியதில்லை. மாதிரியாகச் சில கிராம்களே பெரும்பாலும் போதும். ஆனால் அந்தச் சில கிராம்கள் அங்கே இருந்தாக வேண்டும். வெப்பமேறிய நீரில் வெளுத்து மடியும் பவளத்திட்டு ஒன்றில், நாம் பெயர்கூட வைக்காத எத்தனை உயிர்கள் மறைகின்றன! அவை என்ன கற்றிருந்தன என்பதை அறிய ஓர் ஆய்வகத்தாலும் முடியாது. ஏனெனில் 62 படிகளில் ஒரு மூலக்கூறைச் செய்யத் தெரிந்த கைகளுக்கும், எதைச் செய்வது என்று முதலில் சொல்லித் தந்தது அசையாமல் ஒட்டிக்கிடந்த ஒரு கடற்பஞ்சுதான்.