ஒரு நோர்வேக்காரர், இரண்டு தமிழர், ஒரு கிண்ணம்

நம் வீடுகளில் கணிதம் என்றால் ராமானுஜனோடு கதை முடிந்துவிடும். ஸ்ட்ரோம்மனில் வளர்ந்த எனக்கும் வேறு பெயர் தெரியாது. இன்னும் இரண்டு பெயர் சொல்கிறேன். அவர்களிடம் போக நோர்வேயிலிருந்தே ஒரு வழி இருக்கிறது.

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்துக்கு சோஃபுஸ் லீயின் பெயர். 1842இல் பிறந்த நோர்வேக்காரர். 1870இல் பிரான்சும் ஜெர்மானியரும் போரிட்ட நேரம், பிரான்சில் நடந்து திரிந்தவரை உளவாளி என்று பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். கையிலிருந்த கணிதக் குறிப்புகள் இரகசிய எழுத்துப் போலத் தெரிந்ததாம்!

லீ ஆராய்ந்தது சமச்சீரை. பந்தை எப்படிச் சுழற்றினாலும் அது அதே பந்துதான். அப்படிப்பட்ட அசைவுகளை எல்லாம் ஒரே குடும்பமாக அவர் பார்த்தார். அந்த வேலையைப் பாரிசில் வளர்த்த எலி கார்ட்டான், 1920களில் சமச்சீரான வளைந்த வெளிகளை வகைப்படுத்தினார். கார்ட்டானிடம் முனைவர் பட்டம் பெற்ற பாதிரியார் சார்ல்ஸ் ரசீன், பிறகு சென்னை லயோலா கல்லூரிக்கு வந்தார்.

அங்கே அவரிடம் படித்தவர்கள்தான் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் தண்டரைக் கிராமத்து எம். எஸ். நரசிம்மனும். 1953இல் இருவரும் ஒன்றாக மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965இல் வெளிவந்தது அவர்களுடைய தேற்றம்: வளைபரப்பு ஒன்றின் மேல் எழும் சில அமைப்புகளில் 'நிலையானவை' எவையோ, அவையே லீயின் சுழற்சிகளிலிருந்து பிறப்பவை.

ஏன் அப்படி? இங்கேதான் கிண்ணம் வருகிறது. கிண்ணம் போன்ற பனிப் பள்ளத்தில் எந்தப் பக்கமிருந்து சறுக்கினாலும் ஒரே அடிக்குத்தான் வருவீர்கள். குவிவுச் சார்பு என்பது அதுதான். வளைந்த வெளியில் மிகக் குறுகிய வழியாக நடந்து பார்த்தாலும் அதன் மதிப்பு கிண்ண வடிவிலேயே இறங்கி ஏறும். சில கிண்ணங்களுக்கு அடியே இல்லை, ஒரு பக்கம் சரிந்துகொண்டே போகும். ஜார்ஜ் கெம்ப்பும் லிண்டா நெஸ்ஸும் 1979இல் காட்டியது இதை: நிலையானது என்றால், சமச்சீர் வெளியிலுள்ள அந்தக் கிண்ணத்துக்கு அடி உண்டு.

1983இல் சைமன் டொனால்ட்சன், மிகச் சிறிய மதிப்பைத் தேடும் வழியில் 1965ஆம் ஆண்டுத் தேற்றத்துக்குப் புதிய நிறுவல் கொடுத்தார். கட்டுரையின் தலைப்பிலேயே நரசிம்மன், சேஷாத்ரி என்று இருக்கும். ராமானுஜனைப் போல இவர்களுக்குத் திரைப்படம் இல்லை. என் கணக்கில் அது குறைதான்.

சேஷாத்ரி 1989இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சென்னை கணிதவியல் கழகம். அவர் கர்நாடக சங்கீதமும் நன்றாகப் பாடியவர்.