நினைவற்ற சேனலிலிருந்து செயல் பதிவேடு வரை: இணைய அரட்டையில் மட்டுறுத்தல் கருவிகளின் வரலாறு

இணையத்தில் அரட்டைக் குழு தொடங்குகிற ஒருவர் இன்று சில நிமிடங்களில் மட்டுறுத்துநர்களை அமர்த்திவிடலாம். வசைச் சொற்களுக்கு வடிகட்டி வைக்கலாம், தொல்லை தருபவரை ஒரு மணி நேரம் பேசவிடாமல் நிறுத்திவைக்கலாம். எல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து திட்டமிட்டவை போலத் தோன்றும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எங்கோ ஒரு குழு குலைந்தபோது, அதைக் காப்பாற்ற முனைந்தவர்கள் அவசரத்தில் செய்துகொண்டவை. குழு யாருடையது, யார் எதற்காகத் தடைசெய்யப்பட்டார் என்பதை எந்தக் கணினி நினைவில் வைத்திருக்கிறது, அந்தக் கணினி யார் கையில் இருக்கிறது என்ற கேள்விதான் இந்தக் கருவிகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து உந்தி வந்திருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

ஐ.ஆர்.சி.க்கு முன்

1973இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் டக் பிரவுனும் டேவிட் வூலியும் உருவாக்கிய டாக்கோமேடிக்கில் ஒரு சேனலுக்கு ஐந்து பேருக்குத்தான் இடம். 1980இல் கம்ப்யூசர்வ் தொடங்கிய சி.பி. சிமுலேட்டரில் பிடிக்காதவர் பேச்சைத் தன் திரையில் மட்டும் மறைத்துக்கொள்ளலாம். முன்னது பல்கலைக்கழகக் கணினியில் நடந்தது. பின்னதில் நுழையக் கட்டணக் கணக்கு வேண்டும். ஆள் யார் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்ததால், மட்டுறுத்தல் தனிச் சிக்கலாக எழவில்லை.

முதலில் நுழைந்தவரே தலைவர்

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் ஐ.ஆர்.சி. (இன்டர்நெட் ரிலே சாட்) என்ற அரட்டை முறையை எழுதியபோது நிலைமை மாறியது. பல கணினிகள் ஒன்றோடொன்று கோத்த வலையமைப்பு அது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை; கட்டணம் இல்லை; பிடித்த புனைபெயரில் நுழையலாம். 1993 மே மாதம் ஓய்க்கரினெனும் டேரன் ரீடும் அதன் விதிமுறையை ஆர்.எஃப்.சி. 1459 என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். அதைப் படித்தால், இன்று நாம் பயன்படுத்தும் கருவிகளில் பாதிக்கு மேல் அப்போதே இருந்தது தெரியும். சேனல் ஆபரேட்டர் ஒருவரை வெளியேற்றலாம், திரும்பி வராமல் தடுக்கலாம், அழைப்பின்றி நுழைய முடியாதபடி செய்யலாம், கடவுச்சொல் வைக்கலாம், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பிடலாம், அனுமதி பெற்றவர் மட்டுமே பேசும்படி சேனலை மாற்றலாம்.

இல்லாதது நினைவு. சேனலில் முதலில் நுழைந்தவருக்கு @ குறி கிடைக்கும், அவரே ஆபரேட்டர். கடைசி ஆள் வெளியேறியதும் சேனல் மறைந்துவிடும். தடைப்பட்டியலும் கூடவே அழிந்துபோகும். மறுநாள் காலை அதே பெயரில் யார் முதலில் நுழைகிறாரோ அவரே புதிய தலைவர்.

தடைசெய்யும் முறையிலும் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. புனைபெயர், பயனர்பெயர், கணினி முகவரி மூன்றையும் சேர்த்து, நட்சத்திரக் குறியிட்ட மாதிரியாகத் தடையை எழுத வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்தவரின் முகவரி ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், ஒருவரைத் தடுக்க அவருடைய இணையச் சேவையாளரையே தடுக்க நேரும். 1995 ஆகஸ்ட் முதல் 1998 வரை இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டால், இந்திய வீடுகளிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கதவு அடைபட்டுவிடும். ஒருவர் செய்த தொல்லைக்கு ஒரு நாடே தண்டனை பெறும் அளவுக்கு அந்தக் கருவி மொண்ணையாக இருந்தது.

இதைவிடப் பெரிய ஓட்டை வலையமைப்பின் அமைப்பிலேயே இருந்தது. சர்வர்கள் கிளைபிரியும் மரம்போல் கோக்கப்பட்டிருந்தன. நடுவில் ஓர் இணைப்பு அறுந்தால் வலையமைப்பே இரண்டாகப் பிளக்கும். பிளவின் ஒரு பக்கத்தில் சேனல் காலியாக இருந்தால், அங்கே நுழைபவருக்கு @ கிடைத்துவிடும். இணைப்பு மீண்டதும் இரு பக்கமும் ஒன்றுசேரும்; அத்துமீறி வந்தவரும் ஆபரேட்டராகவே இருப்பார். உண்மையான ஆபரேட்டர்களை ஒரே நொடியில் வெளியேற்றிச் சேனலைக் கைப்பற்றிவிடலாம். பிளவுக்காகக் காத்திருந்து சேனல் பறிப்பதைச் சிலர் விளையாட்டாகவே வைத்திருந்தார்கள்.

காவலுக்கு நின்ற நிரல்

இந்தக் கட்டத்தில் பிறந்ததுதான் எக்ட்ராப். 1993 டிசம்பரில் ராபி பாயிண்டர் எழுதிய இந்த பாட் (தானாக இயங்கும் நிரல்), தன்பாலீர்ப்புள்ள பதின்வயதினர் கூடும் ஒரு சேனலைக் காக்கவே முதலில் உருவானது. மட்டுறுத்தல் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிறப்பிடத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாக்குதலுக்கு அதிகம் ஆளானவர்களின் தேவையிலிருந்துதான், பின்னர் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்திய கருவி வந்தது. மட்டுறுத்தல் என்றாலே பேச்சுரிமையை ஒடுக்குவது என்று கருதுவோர் இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பேச இடம் கிடைத்ததே ஒரு காவல் நிரல் நின்றதால்தான்.

எக்ட்ராப் செய்தது எளிய வேலை. அது இரவு பகலாகச் சேனலிலேயே இருக்கும். ஆகவே சேனல் காலியாவதில்லை. நம்பத்தக்கவர்களின் பட்டியலைக் கடவுச்சொல்லோடு கோப்பில் வைத்திருக்கும். அவர்கள் வந்தால் அடையாளம் கண்டு ஆபரேட்டர் ஆக்கும். மளமளவென்று செய்தி கொட்டுபவரை வெளியேற்றும். தடைகளுக்குக் காலவரையறை உண்டு. பல பாட்கள் தமக்குள் இணைந்து தடைப்பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும். டிசிஎல் மொழியில் சிறு நிரல்கள் எழுதி அவரவர் தேவைக்கு வளைத்துக்கொள்ளலாம். சேனலுக்கு இல்லாத நினைவு பாட்டுக்கு இருந்தது. அந்தக் கோப்பு குழுவினரின் கட்டுப்பாட்டில் இருந்தது. பாட் ஓடும் கணினி நின்றால் எல்லாம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனாலும் உடைமை குழுவுடையது.

வேறு சிலர் நினைவை வலையமைப்பிடமே ஒப்படைத்தார்கள். 1992இல் தொடங்கிய அண்டர்நெட் எக்ஸ் என்ற பாட்டைத் தானே நடத்தியது. 1994இல் தொடங்கிய டால்நெட் சான்சர்வ், நிக்சர்வ் என்ற சேவைகளை வைத்தது. சேனலைப் பதிவுசெய்தவர் நிறுவனர்; அவர் இல்லாத வேளையிலும் உரிமை அவருடையது. பழைய வலையமைப்பான ஈஎஃப்நெட் இதற்கு உடன்படவில்லை. பின்னாளில் அங்கே சான்ஃபிக்ஸ் என்ற சேவை வந்தபோதும் யாரையும் நிறுவனராக்கவில்லை. நெடுங்காலம் ஆபரேட்டராக இருந்தவர் யார் என்று கணக்கு வைத்து, ஆபரேட்டரே இல்லாமல் போன சேனலை அவரிடம் திருப்பித் தரும். பட்டா இல்லாவிட்டாலும் அனுபவ பாத்தியதை உண்டு என்பது போன்ற ஏற்பாடு.

1996 ஜூலையில் ஐரோப்பிய சர்வர்கள் ஈஎஃப்நெட்டை விட்டுப் பிரிந்து ஐஆர்சிநெட் ஆனதற்கும் சேனல் பறிப்பை எப்படித் தடுப்பது என்ற கேள்வியே ஒரு முக்கியக் காரணம். பிளவின்போது நடக்கும் பறிப்பைத் தடுக்க ஒரு தரப்பு நேரமுத்திரை முறையை ஆதரித்தது: இரு பக்கமும் சேரும்போது பழைய சேனலின் ஆபரேட்டர்களே நிலைப்பார்கள். மறுதரப்பு, பிளவுக்குப் பின் அந்தப் பெயரைச் சிறிது நேரம் யாரும் எடுக்க முடியாதபடி பூட்டிவைப்பதை விரும்பியது. நிர்வாகப் பகைகளும் கலந்திருந்தன. என்றாலும் ஒரு மட்டுறுத்தல் நுட்பத்தின் மீதான வேறுபாடு உலகின் பெரிய அரட்டை வலையமைப்பையே இரண்டாக்கியது குறிப்பிடத்தக்கது.

கருவி இருந்தும் முறை இல்லாதபோது

ஐ.ஆர்.சி.க்கு வெளியே ஒரு நிகழ்வை இங்கே ஒப்பிட வேண்டும். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்டாமூ என்ற எழுத்துவழி உலகில் நினைவுக்குக் குறைவில்லை. தரவுத்தளத்தில் எல்லாம் பதிவாகின. 1992 டிசம்பரில் அதன் நிர்வாகிகள் சமூகப் பூசல்களில் இனித் தலையிடுவதில்லை என்று அறிவித்தார்கள். சில மாதங்களில் ஒரு பயனர் மற்றவர்களின் பாத்திரங்கள் மீது பாலியல் வன்முறையை எழுத்தில் நிகழ்த்தினார். உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள், முடிவு எட்டப்படவில்லை. கடைசியில் ஒரு நிர்வாகி தன் பொறுப்பிலேயே அவரை நீக்கினார். ஜூலியன் டிபெல் 1993இல் வில்லேஜ் வாய்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக அறியச் செய்தது. இந்த நிகழ்வுக்குப் பிறகுதான் கர்ட்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட முறையை அங்கே அமைத்தார். நீக்கும் கருவி முன்பே இருந்தது. யார் சொன்னால் அதை எடுக்கலாம் என்ற முறைதான் இல்லாமலிருந்தது.

சட்டமும் கருவியைப் பார்த்தே பொறுப்பை அளந்தது. 1995இல் நியூயார்க் நீதிமன்றம், உள்ளடக்கத்தை மட்டுறுத்தியதாலேயே பிராடிஜி என்ற இணையச் சேவை நிறுவனத்தைப் பிறர் பதிவுக்குப் பதிப்பாளர்போல் பொறுப்பாக்கியது. மறு ஆண்டே அமெரிக்கா தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவைக் கொண்டுவந்து அந்த நிலையை மாற்றியது. இந்தியாவில் 2021இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை, பதிவாகும் முன் எதையும் தடுக்கும் வசதி வாட்ஸ்அப் அட்மினுக்கு இல்லை என்பதைக் காட்டி, பிறர் பதிவுக்கு அவரைப் பொறுப்பாக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அவ்வழியில் சென்றது. 2022இல் பிறர் செய்தியை அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் அட்மின்களுக்குத் தந்துவிட்டது. அதன்பின் இந்தக் காரணம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சட்ட ஆய்வாளர்கள் எடுத்துப் பேச வேண்டும்.

ஃப்ரீநோட் தந்த பாடம்

கட்டற்ற மென்பொருள் குழுக்கள் கூடிய ஃப்ரீநோட் என்ற ஐ.ஆர்.சி. வலையமைப்பை ராப் லெவின் வளர்த்தெடுத்தார். அங்கே ஆபரேட்டர்கள் @ குறியைப் பொதுவாக அணிவதில்லை; தேவைப்படும்போது மட்டும் சான்சர்விடம் கேட்டுப் பெறுவார்கள். சச்சரவைக் கட்டளையால் அல்லாமல் பேச்சால் தணிப்பவரே நல்ல மட்டுறுத்துநர் என்று அதன் வழிகாட்டுதல் சொன்னது. ஒருவரை வெளியேற்றாமல் அவர் பேச்சை மட்டும் நிறுத்திவைக்கும் வசதியும் அங்கே புழங்கியது. நான் அறிந்த மட்டுறுத்தல் மரபுகளில் இதையே மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன்.

ஃப்ரீநோட்டில் அந்த மரபுக்கு 2021இல் முடிவு வந்தது. உரிமைத் தகராறில் தன்னார்வ நிர்வாகிகள் விலகி, மே 19 அன்று லிபரா சாட்டைத் தொடங்கினார்கள். சில நாட்களில் ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம், தலைப்பில் லிபராவைக் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான சேனல்களைத் தானே எடுத்துக்கொண்டது. ஜூனில் வேறு மென்பொருளுக்கு மாறியபோது பழைய பதிவுகள் எதையும் கொண்டுசெல்லவில்லை. இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த பெயர்கள், நிறுவனர் உரிமைகள், தடைப்பட்டியல்கள் எல்லாம் அங்கே ஒரே நாளில் இல்லாமல் போயின.

நிறுவனத்தின் கையில்

2015 மே மாதம் வந்த டிஸ்கார்டு அரட்டைத் தளம் இந்தக் கருவிகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. ஒவ்வொரு பொறுப்புக்கும் தனித்தனி அனுமதி. ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மணி நேரம்வரை காத்திருக்க வைக்கும் மெதுமுறை. சேர்ந்து பத்து நிமிடம் ஆகாதவர் பேச முடியாத நிலை. யார் யாரை நீக்கினார் என்று காட்டும் செயல் பதிவேடும் உண்டு. ஐ.ஆர்.சி.யில் இதுபோன்ற பதிவேடு இயல்பாக இல்லை. மட்டுறுத்துநரையே மட்டுறுத்த உதவும் கருவி இது. ஆனால் அந்தப் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிந்துவிடும்.

தொடக்கத்தில் காவல் வேலையை வெளியார் எழுதிய பாட்கள் செய்தன. 2022 ஜூனில் டிஸ்கார்டு ஆட்டோமாட் என்ற சொந்த வடிகட்டியைத் தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட சர்வர்களில் (டிஸ்கார்டில் குழுவுக்குச் சர்வர் என்று பெயர்) இயங்கும் பாட்கள் செய்திகளைப் படிக்க நிறுவனத்தின் ஒப்புதல் பெற வேண்டியதாயிற்று. பயனர் அந்தரங்கத்துக்கு அது நல்லது. எக்ட்ராப் காலத்தில் குழுவிடம் இருந்த அதிகாரம் நிறுவனத்திடம் சென்றதும் அதனால்தான் முழுமையடைந்தது.

தமிழில் வடிகட்டி வைப்பவர்களுக்குக் கூடுதல் சிரமம் உண்டு. நம் சொற்கள் வேற்றுமையும் காலமும் ஏற்று நீள்வதால், முழுச்சொல்லாகத் தேடினால் வசை தப்பிவிடும்; சொல்லின் பகுதியாகத் தேடினால் குற்றமற்ற சொல்லும் சிக்கும். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான ஒழுங்குக்கோவை (regex) நூலகம் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்ளாததால், தமிழ்ச் சொல்லை நடுவிலேயே வெட்டிவிடும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகவும் யூனிகோடில் எழுதலாம். சீராக்காமல் ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு சொல்லாகத் தெரியும். போதாக்குறைக்குப் பலர் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள். 2021இல் திராவிட மொழித் தொழில்நுட்பப் பயிலரங்கு யூடியூப் கருத்துகளைக் கொண்டு நடத்திய வசைமொழி அடையாளப் போட்டி இந்தக் கலப்பு மொழியை நேரடியாக எடுத்துக்கொண்டது. அந்த ஆய்வுகள் குழு நடத்துபவர்களின் கைக்கு எட்டும் கருவிகளாக இன்னும் மாற வேண்டும்.

தமிழ் அரட்டைக் குழு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வடிகட்டிக்குச் சொற்பட்டியல் எழுதும் முன், யார் எந்த முடிவை எடுக்கலாம், தடைசெய்யப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பதை எழுதி எல்லோரும் காணும் இடத்தில் வையுங்கள். தடை ஒவ்வொன்றையும் அதன் காரணத்தையும் நீங்களே குறித்து, அரட்டைத் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் கணினிகளுக்கு வெளியே, குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் பிரதியாகச் சேமித்து வையுங்கள்.